தாள் நனையவில்லை

அம்மாவின் படுக்கை விரிப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தொப்பலாக நனைந்திருந்தது.

மதியம் பன்னிரண்டரை. கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை மட்டும்தான் அவள் சொன்னபடி கேட்கிறது. அந்தக் கையால் போனை எடுத்து, "ஒழுகிருச்சுடி, ஒரே ஈரம்" என்றிருந்தாள்.

ஊருக்கெல்லாம் ஒழுகாது என்று கையெழுத்துப் போடுகிறவள் வீட்டிலேயே ஒழுகிவிட்டது. அவமானமாக இருந்தது.

டயப்பர் கம்பெனியில் சோதனை மேசை அவளுடையது. பஞ்சுக்கு மேல் புதிதாக ஒரு நார் அடுக்கு வந்திருக்கிறது. விழுந்த நீரை விழுந்த இடத்தில் நிற்கவிடாது. முன்னும் பின்னும் இழுத்துப் பரப்பி, அடியிலுள்ள பஞ்சிடம் கொடுத்துவிடும். சிறுநீருக்குப் பதிலாக அவள் நீல உப்புத் தண்ணீரை ஊற்றுவாள். பத்து நிமிடம் பொறுத்து, மேலே ஒரு தாளை வைத்து அழுத்துவாள். தாள் நனையக் கூடாது.

நனைந்ததே இல்லை.

அம்மாவுக்குத் துணி கட்டிய நாட்களில் தினமும் மதியம் வந்து மாற்றுவாள். அப்படியே அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். புது டயப்பர் வந்தபின் அந்த ஓட்டம் இல்லை. காலையில் கட்டினால் மாலை வரை கவலை இல்லை. மூன்று வாரமாகக் கேண்டீன் சாப்பாடு.

அம்மாவைப் புரட்டி டயப்பரைக் கழற்றினாள். பழக்கதோஷம், சட்டைப்பையில் கிடந்த சோதனைத் தாளை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

நனையவில்லை.

ஓரங்களைத் தடவினாள். காய்ந்திருந்தன. நார் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது.

அப்புறம்தான் விரிப்பை முகர்ந்தாள். வாடையே இல்லை. வெறும் தண்ணீர்.

தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. காலையில் அவள்தான் நிரப்பி ஸ்டூலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அம்மா திரும்பவில்லை.

"சாப்ட்டியா?" என்றாள் சுவரிடம்.

"இல்லம்மா."

வேறு டயப்பர் கட்டி, விரிப்பை மாற்றினாள். தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றிப் பிசைந்தாள். அம்மாவுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். அடுத்த வீட்டு நாய் குட்டி போட்டதை அம்மா சொல்லச் சொல்லக் கேட்டாள். டயப்பரைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கிளம்பும்போது டம்ளரைக் கழுவினாள்.

தளும்பத் தளும்ப நிரப்பினாள்.

ஸ்டூலை அம்மாவின் வலது கைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.