அவங்களே சொல்லட்டும்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தில் வேலை பார்க்கும் தோழி சொன்னது. கேட்டபடியே எழுதுகிறேன்.

"நீங்க விடுங்கம்மா. அவங்களே சொல்லட்டும்."

ரிப்போர்ட் வாங்க வந்து நின்ற தொப்பிக்காரர் கையை உயர்த்தியதும், உதவிக்கு வந்த பக்கத்துக் கவுண்டர் அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் காது மடல் சுட்டது. ரிப்போர்ட் கவரைக் கொடுக்குமுன் பெயர், பிறந்த தேதி, டெஸ்ட் பெயர் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லி, "சரிதானா?" என்று கேட்க வேண்டும். ஒருமுறை கவர் மாறிப்போனதிலிருந்து வந்த சட்டம். அவளுக்கோ திக்குவாய்.

"பு... பு... புரோ..."

வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். தொப்பிக்காரர் அசையவில்லை.

"புரோத்ராம்பின் டைம். ச... சரிதானா?"

"சரிதான். நன்றி."

மூலை நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

"மனுஷனா அவன்?" அக்கா பொரிந்தாள். "புள்ள தவிக்கிறதை சினிமா மாதிரி பாக்குறான். பொண்ணைப் பெத்தவன் வேற!"

மாலையில் புதுப் பெண்ணை மேனேஜர் கூப்பிட்டார். "வரிசை நகர மாட்டேங்குதும்மா. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். இல்லேன்னா உள்ளே லேபிள் ஒட்டப் போயிடு. அங்கே யார்கிட்டயும் பேச வேண்டாம்."

கேட்டதும் ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது.

ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் அந்த டெஸ்ட் அவருக்கு வாராவாரம் உண்டு; அடுத்த வியாழனும் தொப்பிக்காரர் வந்தார். அதே கை, அதே பேச்சு. அன்று பாத்ரூமில் போய் அழுதாள்.

மூன்றாவது வியாழன்தான் கவனித்தாள். அவர் சிரிக்கவில்லை. பரிதாபப்படவும் இல்லை. சும்மா காத்திருந்தார். காத்திருப்பவரிடம் எதற்கு அவசரப்பட வேண்டும்? திக்கினால் திக்கட்டும் என்று நிதானமாகச் சொன்னாள். வார்த்தை மாட்டியது, பிறகு தானாகவே விட்டது.

அதன்பின் எல்லோரிடமும், "எனக்குத் தி... திக்கும், ஒரு நிமிஷம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். திக்கல் போகவில்லை. ஆனால் வரிசை நகர்ந்தது.

"எடுத்துக் கொடுக்கிற என் வேலைக்கு உலை வச்சுட்டியேடி!" என்று சிரித்தாள் அக்கா.

மாதத்தின் கடைசி வியாழன் தொப்பிக்காரர் வரவில்லை. மகள் மட்டும் வந்து, வரிசையில் நின்று, கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"அ... அப்பாவோட ரி... ரி..."

"ரிப்போர்ட் வேணு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

புதுப் பெண் கையை உயர்த்தினாள். "வி... விடுங்கக்கா. அவங்களே சொல்லட்டும்."

வரிசை காத்திருந்தது. பின்னால் நின்ற மேனேஜரும்தான்.

"...ரிப்போர்ட்" என்றாள் மகள். முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

லேபிள் பேச்சை மேனேஜர் அப்புறம் எடுக்கவே இல்லை.

கதை கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம். அங்கே கேட்டால் ரிப்போர்ட்டை செல்போனுக்கே அனுப்பிவிடுவார்களே? அவருடைய பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்க்கும்படி தோழியிடம் சொன்னேன். தொப்பிக்காரர் ஒரு வருஷமாக செல்போனில்தான் வாங்கியிருக்கிறார். புதுப் பெண் கவுண்டரில் உட்கார்ந்த வாரம்தான், ரத்தம் கொடுக்க வந்தவர் அதை அடித்துவிட்டு, "நேரில் வருகிறேன், மகளுடன்" என்று எழுதியிருக்கிறார்.