ஒரு கை நீளம்

பெருநாள் காலை. ஹஸ்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கழட்டிடுங்க அபாங். ஒரு கை மேல ஏறி நிக்குது, ஒரு கை தொங்குது. போன வருஷச் சட்டையே போதும்."

"நோன்பு மாசம் பூரா உக்காந்து நீ தச்சது. கழட்ட மாட்டேன்," என்றார் அவள் 'அபாங்' என்று அழைக்கும் கணவர் கமருல். கைப்பேசியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டார். அது அப்படியே கீழ்வழியாக வந்து காலில் விழுந்தது.

"ஐயோ, அடிப்பக்கம் தைக்க மறந்துட்டேன்! வேற யாரு போட்டாலும் பரவாயில்ல. நீங்க போட்டா ஊரே சிரிக்குமே!"

"பெருநாளைக்குச் சிரிக்காம வேற என்னைக்குச் சிரிப்பாங்க?"

தொழுகை முடிந்ததும் பக்கத்து வீட்டுப் புது மருமகன் ஷாரில் கைகொடுக்க வந்தான். ஜோகூர்க்காரன், ஊருக்குப் புதுசு. கமருலை மாமா முறையில் 'பாக்சிக்' என்றான்.

"யாரு பாக்சிக் இப்படித் தச்சுக் கெடுத்தது? என் சட்டையைப் பாருங்க, தோள் எவ்வளவு கச்சிதமா உக்காந்திருக்கு! மாமனார் இந்த ஊர் டெய்லர்கிட்டதான் கொடுத்தாராம். நீங்களும் அங்கேயே கொடுத்திருக்கலாமே?"

"என் வீட்டுக்காரியும் அவன்கிட்ட சொல்லிப் பார்த்தா தம்பி. ஊராருக்குத் தைக்கவே நேரம் பத்தலைன்னுட்டான். அதான் அவளே மெஷின்ல உக்காந்துட்டா."

பேசிக்கொண்டே ஷாரிலின் கழுத்துப் பட்டனை இழுத்துப் பார்த்தார் கமருல். "லேசா தளர்ந்திருக்கே. கடை திறந்ததும் கொண்டாங்க, இறுக்கித் தரேன்."

ஷாரில் விழித்தான். "அப்போ அந்த டெய்லர்... நீங்கதானா?"

"ஆமா. ஆனா இந்த மாதிரி ஒண்ணு வேணும்னு மட்டும் என்கிட்ட வந்துடாதீங்க." தொங்கிய கையை மடித்துவிட்டுக்கொண்டார் கமருல். "அதை அவ எனக்கு மட்டும்தான் தைப்பா."