சுவரோரக் கிறிஸ்துமஸ் மரம்

"இந்த மரம் நிக்கிற வரைக்கும் உன்னைத் தனியா விட்டுட்டு எங்கேயும் போகமாட்டேம்மா" என்று டேரன் சொன்னபோது, கிளெனிஸ் கண்கலங்கிப்போனாள். அது ஒன்பது வருடத்துக்கு முன்பு.

ஒரு கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொட்டியிலிருந்து எடுத்துச் சுவரோரம் நட்ட பைன் மரம் அது. இப்போது கூரையைத் தாண்டி வளர்ந்து, வேரால் சுவரைப் பிளந்துகொண்டிருந்தது.

"வெட்டறதுக்கு நம்ம ஊர் கவுன்சில் விடாதும்மா" என்றான் டேரன்.

கிளெனிஸ் மூன்று முறை எழுதிப்போட்டு அனுமதி வாங்கினாள்.

"கூரை மேல விழுந்துட்டா?" என்று கேட்டான் டேரன்.

"நுனியிலேருந்து துண்டு துண்டா அறுத்து, கயித்துல கட்டி இறக்குவோம், தலைவரே. உங்க வீட்டு ஓடு ஒண்ணுகூட அசையாது" என்றான் மரம் வெட்ட வந்த பிரெட்.

"பாவம்மா, நம்ம கிறிஸ்துமஸ் மரம்."

கிளெனிஸ் பிரெட்டைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மாலைக்குள் அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது. சமையலறை ஜன்னலில் முதல்முறையாகக் கடல் தெரிந்தது.

"இனி உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்லம்மா" என்றான் டேரன், சோபாவில் படுத்தபடியே. "சாப்பிட என்ன இருக்கு?"

நாற்பத்தாறு வயது மகனின் அழுக்குத் துணிக்கூடையைத் தூக்கி வந்து அவன் மடியில் வைத்தாள் கிளெனிஸ்.

"ஒன்பது வருஷமா கேக்கணும்னு இருந்தேன், கண்ணு. வேற வீடு பாத்துக்கிட்டுக் கிளம்பிடேன்."