கோகோ

ஜப்பானில் நான்கு பெண்கள் வாசித்துப் பிரபலமாக்கிய ராக் பாட்டு அது. நாகர்கோவிலில் நாங்கள் மூன்று பெண்கள் மொழி தெரியாமல், காதில் விழுந்தபடியே பாடினோம். பல்லவி 'கோகோ நி இரு' என்று முடியும். 'இங்கேதான் இருக்கிறேன்' என்று அர்த்தமாம். கல்லூரி விழாக்களில் கூட்டத்துக்கு அது 'கோகோ, நீ இரு' என்றுதான் கேட்டது. யார் கோகோ என்று கத்தினார்கள். பாடிக்கொண்டிருந்த மெர்லின் திரும்பி, டிரம்ஸ் வாசிக்கும் ஜெசிந்தாவைக் கைகாட்டினாள். அன்றிலிருந்து அவள் கோகோ. கிட்டார் வாசிக்கும் என்னை யாரும் கேட்கவில்லை.

நாளை கோகோ தோஹாவுக்குப் போகிறாள். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த நர்ஸ் வேலை.

"ஏட்டி, கடைசியா ஒருக்கா அதை வாசிப்போம்" என்றாள்.

"வேற பாடுவோம் பிள்ள" என்றாள் மெர்லின்.

"எனக்கு அதுதான் வேணும்."

மெர்லின் வீட்டுக் கார் ஷெட்டில் வாசித்தோம். பல்லவி முடிகிற இடம் வரும்போதெல்லாம் மெர்லின் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வரியைப் பாடிவிட்டால் கோகோ போகமாட்டாள் என்று எங்கள் இருவருக்கும் பயம். அங்கெல்லாம் குரலில்லாமல் என் கிட்டாரும் கோகோவின் டிரம்ஸும் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

கடைசிப் பல்லவியில் டிரம்ஸ் நின்றது. ஒருநாளும் பாடாத கோகோ, குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வரியை மெதுவாகப் பாடினாள்.

அவள் பாடியது 'நி'யா, 'நீ'யா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.