ஒரு வாரம் விட்டதில்லை

“தலை, தலை. குனிஞ்சு வாங்க” என்று சென்னகிருஷ்ணன் சொல்லி முடிப்பதற்குள் வாசல் நிலையில் நங்கென்று இடித்துக்கொண்டார் மாதேஸ்வரன்.

“பழக்கந்தானுங்க சார்” என்று நெற்றியைத் தேய்த்தபடி உள்ளே வந்தவரின் கண், நேராக மேசை மேலிருந்த பெட்டிக்குப் போனது. அட்டையில் ஒரு குதிரை, கீழே ‘டிரை வெல்’ என்ற எழுத்து. அந்தக் காலத்தில் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் வந்த அமெரிக்க கௌபாய் தொடர். முதல் பாகம் முதல் கடைசி வரை டிவிடியில்.

சென்னகிருஷ்ணனிடம் அப்படி இரண்டு பெட்டிகள் இருந்தன. ஆசைப்பட்டு அவர் ஒன்றை வரவழைக்க, அவருக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசாக அமெரிக்காவிலிருந்து மகளும் ஒன்றை அனுப்பிவிட்டாள். மிஞ்சியதைச் சும்மாவே தருவதாக வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரே நிபந்தனை: அந்தக் காலத்தில் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவராக இருக்க வேண்டும்.

“காலையில பெங்களூர்லருந்து ஒருத்தர் வந்தாரு. ஷோகேஸ்ல வச்சா அழகா இருக்கும்னாரு. காபியைக் குடுத்து அனுப்பிட்டேன். நீங்க எப்படி?”

“ஒரு வாரம் விட்டதில்லைங்க. ஐ.டி.ஐ. முடிச்சு சிப்காட்ல அப்ரண்டிஸா சேர்ந்த புதுசு. ரூம்ல எட்டுப் பேருக்கு ஒரே டிவி. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா மழையோ வெயிலோ, நான் ரெடியா நிப்பேன்.”

“வறண்ட கிணறுன்னு பேரு வேற” என்றாள் காபியோடு வந்த அவர் மனைவி சரஸ்வதி. “நம்ம பழைய தருமபுரி ஜில்லாவுக்குன்னே எடுத்திருக்கான். அதுல போலீசா வர்ற ஷெரீப்பு வாரா வாரம் சலூனுக்குப் போறாரு, தாடி மட்டும் அப்படியே கெடக்குது.”

“அங்க சலூன்னா சாராயக் கடை. முப்பது வருசமா சொல்றேன்.” சென்னகிருஷ்ணன் மாதேஸ்வரன் பக்கம் திரும்பினார். “சரி, ஷெரீப் அந்த சலூனுக்குள்ள வர்றாரு. என்ன ஆகும்?”

மாதேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். “கதவு ரெண்டு தடவை கிரீச்சுங்கும். பியானோ பட்டுனு நிக்கும். அப்புறம் பூட்ஸ் சத்தம். இடது, வலதுன்னு மாறி மாறி வரும்ங்களா, ஒண்ணு விட்டு ஒண்ணுலதான் சலங்கை மாதிரி கிணுங்கும்.”

சென்னகிருஷ்ணன் துள்ளி எழுந்தார். “அட, ஆமா. குதிரையை முடுக்கறதுக்குக் குதிகால்ல ஒரு முள்ளுச் சக்கரம் மாட்டியிருப்பாரு. ஒரு கால்ல அது ஒடைஞ்சிருக்கும். அதான் ஒரு பக்கம் மட்டும் சத்தம். ரெண்டு தடவை முழுசா பார்த்தும் இது எனக்குத் தோணலையே. சரி, குதிரைக்கு எந்தக் கால் நொண்டி?”

“எந்தக் காலுன்னு தெரியாதுங்க. ஆனா இப்படி வரும்.” மாதேஸ்வரன் தொடையில் தட்டிக் காட்டினார். டக், டக், டக்... டிக்.

“அதே, அதேதான். நிறம்?”

மாதேஸ்வரன் காபியை ஒரு வாய் குடித்தார். “கருப்பு வெள்ளை டிவிங்க சார்.”

“எங்க வீட்டுலயும் அதுதான்” என்று விழுந்து விழுந்து சிரித்தார் சென்னகிருஷ்ணன். பெட்டியை எடுத்து மாதேஸ்வரன் மடியில் வைத்தார். “இனிமே இது உங்களுது. வாங்க, ஒரு பாகம் போட்டுப் பார்ப்போம்.”

மாதேஸ்வரன் பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார்.

“ஒண்ணு தெரிஞ்சுக்கங்க” என்றார் சென்னகிருஷ்ணன், ஒரு டிஸ்க்கை எடுத்தபடி. “இது சும்மா போட்டா ஓடாது. உலகத்தை ஆறாப் பிரிச்சு ஆளுக்கொரு நம்பர் குடுத்திருக்கான். அமெரிக்கா ஒண்ணு, நாம அஞ்சு. அவங்க டிஸ்க்கைப் போட்டா நம்ம பிளேயர் வெளியே துப்பிரும். டிரேயைத் திறந்து வச்சு ரிமோட்ல சில நம்பரை அமுக்கினா, எல்லா ஊருக்கும் கதவு திறந்துரும். இதோ.”

திரை இருட்டாக இருக்கும்போதே விசில் இசை கிளம்பியது. மாதேஸ்வரனும் கூடவே விசிலடித்தார். பின்னணியில் வந்த ஆங்கில வசனத்தை அது வருவதற்கு முன்பே சொன்னார். குளம்பொலிக்கு இருவரும் சேர்ந்து சோபாவில் தாளம் போட்டார்கள்.

“ஏங்க, ஸ்பிரிங் போயிரும்” என்றாள் சரஸ்வதி.

படம் வந்தது. செம்மண் பாதையில் மூன்று பேர் குதிரையில் வந்தார்கள்.

மாதேஸ்வரனின் விசில் நின்றுவிட்டது. முன்னால் குனிந்து மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இதுல ஷெரீப் யாருங்க?”

சென்னகிருஷ்ணனின் கை தானாகப் பெட்டியைப் பிடித்தது. “ஒரு வாரம் விட்டதில்லைன்னீங்களே?”

“விட்டதில்லைங்க. பெங்களூரு சிக்னல் இங்க லேசாத்தான் கெடைக்கும், காத்துல ஆன்டெனா துளி திரும்புனாலும் படம் போயிரும்” என்றார் மாதேஸ்வரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எட்டுப் பேர்ல நான்தான் உயரம்னு, ரெண்டு வருசமும் மொட்டை மாடியில அதைப் புடிச்சுக்கிட்டு நின்னது நானுங்க.”