நாலடி அகல வீடு

“பூச்சாடியை இன்னும் நாலு விரல் இடப்பக்கம் தள்ளுங்க. டி.வி.யோட மூஞ்சியை மறைக்குது” என்றாள் மனைவி.

டிரைவர் தள்ளினார். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட பஸ்ஸை எந்தச் சந்திலும் கீறல் படாமல் ரிவர்ஸ் எடுத்தவர்தான். ஒரு பூச்சாடியை மட்டும் மனைவி சொல்கிற இடத்தில் நிறுத்த வரவில்லை.

“இப்ப?”

“சாடி சரியா இருக்கு. நீங்கதான் நந்தி மாதிரி குறுக்க நிக்கிறீங்க.”

நகர்ந்து நின்று பார்த்தார். டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் தடிமனாக நாலு புத்தகம், மேலே ஒரு மரப்படகு, வலப்பக்கம் உயரமான விளக்கு, இடப்பக்கம் பூச்சாடியில் செடி. ஒயர்களை எல்லாம் சுருட்டிப் பின்னால் டேப் போட்டு ஒட்டியாகிவிட்டது. அத்தனையும் மகன் வீட்டைப் பார்த்துக் காப்பியடித்தது. ஞாயிறுதோறும் வீடியோ காலில் அவன் முதுகுக்குப் பின்னால் தெரிகிற ஸ்டாண்டைத்தான் அவள் பாடப்புத்தகம் மாதிரி படிப்பாள்.

“ஒரு பக்கம் உசரம், ஒரு பக்கம் குட்டை, நடுவுல கொஞ்சம் காலி இடம். அப்பதான் கண்ணுக்குக் குளுமை. எல்லாம் என் பையன்கிட்ட கத்துக்கிட்டது.”

“அவன் யார்கிட்ட கத்துக்கிட்டான்? நம்ம வீட்டு டி.வி. மேல நீ வெச்ச ஒரே அலங்காரம் ஈரத் துண்டுதானே.”

“வாயை மூடிக்கிட்டு சட்டையைப் போடுங்க. நேரமாச்சு.”

அந்த அலங்காரம் சரியாக நாலடி அகலம். அதற்கு ஒரு பக்கம் அடுப்பு, மறு பக்கம் துணிக்கொடி, எதிரே இன்னும் பிரிக்காத மூட்டைகள். வலக்கண் மங்கியதும் டிரைவரிடமிருந்து ஸ்டியரிங் போயிற்று. வேலையோடு கொடுத்த வீடும் கூடவே போயிற்று. நாலு மாதமாக ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இந்த ஒற்றை அறைதான். சாமான் ஏற்றி வந்த வண்டியிலேயே டி.வி.க்கு உயிர் போய்விட்டது. ஆனால் அணைத்து வைத்தால் எல்லா டி.வி.யும் ஒன்றுதான்.

மகனுக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது. தெரிந்தால் எட்டு மாதத்துக்கு முன்னால் வேறு ஊரில் கிடைத்த எஞ்சினியர் வேலையை உதறிவிட்டு அடுத்த வண்டியில் வந்து நிற்பான். அவன் வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த நாலடி. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. சத்தமும் காட்டிக் கொடுக்காது.

ஃபோன் அடித்தது. சாக்பீஸால் குறித்து வைத்த இடத்தில் நாற்காலிகளைப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். டிரைவர் இடுப்புக்கு மேலே கல்யாண வீட்டுக்குப் போகிற ஆள். இடுப்புக்குக் கீழே சாயம் போன கைலி.

மகன் சாம்பல் நிற சோஃபாவில் உட்கார்ந்திருந்தான். பின்னால் சுவர் அகலத்துக்கு டி.வி.

“என்னடா, போன வாரம் ஸ்டாண்டு கறுப்பா இருந்துச்சு, இப்ப மர நிறமா இருக்கு? விளக்கும் வேற” என்றாள் அம்மா.

“மாத்திட்டேன்மா. பார்த்துப் பார்த்து போரடிச்சுது.”

“சட்டை மாத்துற மாதிரி மாத்துறான் பாருங்க” என்று கணவரை இடித்தாள். டிரைவருக்கும் பெருமை தாங்கவில்லை. அவர் ஆயுளில் வாங்கியது ஒரே ஒரு ஸ்டாண்டு. அதற்கும் ஒரு கால் குட்டை.

“உங்க செடி நல்லா இருக்கும்மா” என்றான் மகன். கொஞ்சம் தயங்கினான். “அப்பா, ஃபோனை அப்படியே சமையல்கட்டுப் பக்கம் திருப்புங்களேன். நான் உக்காந்து படிப்பேனே, அந்த ஜன்னலைப் பார்க்கணும் போல இருக்கு.”

மனைவியின் கை டிரைவரின் முழங்காலை இறுக்கிப் பிடித்தது. அந்த ஜன்னலுக்கு உள்ளே இப்போது வேறு ஒரு டிரைவரின் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

“சார்ஜ் இல்லடா. அசைச்சா அணைஞ்சுடும்” என்றார். அசைத்தால் அணைகிற ஃபோனை எந்தக் கம்பெனி செய்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

நல்லவேளை, மகன் கேட்கவில்லை. “சரிப்பா, விடுங்க.”

அம்மா முந்திக்கொண்டாள். “நாங்க காட்டுறது இருக்கட்டும். நீ உன் சமையல்கட்டை ஒரு நாளாவது காட்டுறியா? அடுப்பு பத்த வைக்கிறியா, இல்ல வெளியிலயே சாப்பிட்டு வயித்தைக் கெடுத்துக்கறியான்னு பார்க்கணும்.”

“எனக்கும் சார்ஜ் இல்லம்மா.”

“அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரு ஃபோனை சொருகி வைக்கத் துப்பில்ல. இதுல ஒருத்தர் பஸ் ஓட்டினாராம், ஒருத்தன் எஞ்சினியராம்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். தப்பித்தோம் என்று டிரைவருக்கு மூச்சு வந்தது. கண்ணில் தேங்கியதை, தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டார்.

“எங்களை நெனச்சுக் கவலைப்படாதே ராஜா. நாங்க இங்க ஒரு குறையும் இல்லாம இருக்கோம். நீ அங்கேயே நல்லா கால் ஊன்றிக்கோ, அது போதும்.”

“நானும் நல்லா இருக்கேன்பா. இந்த வீடு, வேலை எல்லாமே…”

மகன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். படம் ஒரு தடவை ஆடியது. மகனின் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒருவரின் குரல் ஃபோனில் கேட்டது:

“எழுந்திருடா, கஸ்டமர் அந்த சோஃபாவைப் பார்க்கணுமாம்.”