பேச்சியின் கணுக்கால்

எதிரணியின் பெயர்களை வாசித்து முடித்தார்கள்.

முத்துப்பேச்சியின் பெயர் வரவில்லை.

இந்தப் பக்க அணியின் தலைவி மறுபடியும் எதிர்ப்பக்கம் பார்த்தாள். பேச்சியின் ஏழாம் எண் பனியனை யாரோ ஒரு முதல் வருட மாணவி போட்டிருந்தாள். தொளதொளவென்று இருந்தது. தலைவியும் அவள்தானாம்.

பல்கலைக்கழகக் கபடி இறுதிப்போட்டி. எந்த வருடமும் இதே இரண்டு கல்லூரிகள்தான். ஜெயித்த அணியின் தலைவி ஒரு சிட்டிகை களத்து மண்ணை எடுத்துத் தோற்ற தலைவியின் நெற்றியில் பூச வேண்டும். யார் தொடங்கிவைத்த வழக்கமோ.

போன வருடம் தோற்ற இவள் நெற்றியில் பூசியவள் பேச்சி.

"அடுத்த வருசமும் நெத்தியக் கழுவி வச்சிருட்டி" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகவே வருடம் முழுக்க விடியலில் எழுந்து கணுக்கால் பிடி பழகினாள். ஒரே ஒரு தடவை அந்தக் காலைப் பிடித்துவிட வேண்டும். நடுக்கோட்டுக்குத் திரும்பவிடாமல் மண்ணில் சாய்க்க வேண்டும்.

இது கடைசி வருடம். இனி வாய்ப்பில்லை.

வந்தவர்களையெல்லாம் பிடித்தாள். ஜெயித்தார்கள். தோழிகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மண்ணை எடுத்து நிமிர்ந்தபோது, கயிற்றுக்கு அப்பால் பேச்சி நின்றிருந்தாள்.

பட்டுப்புடவை. கழுத்தில் புதுத் தாலி.

படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அழுதபடி நெற்றியைக் காட்டிய ஏழாம் எண்ணைத் தாண்டி, நேராகப் பேச்சியிடம் போனாள்.

பேச்சி குனிந்து நெற்றியைக் கொடுத்தாள்.

அங்கே குங்குமம் இருந்தது.

விரல் அப்படியே நின்றுவிட்டது.

"நீ இப்பவும் அவசரப்பட்டுத்தான் காலப் புடிக்க" என்றாள் பேச்சி. "நான் எறங்கியிருந்தா தப்பிச்சிருப்பேன்."



சாலையில் பைக் ஹாரன் அடித்தது. ஒரு முறை. பிறகு விடாமல்.

பேச்சி உள்ளங்கையை நீட்டி மண்ணை வாங்கிக்கொண்டாள். முந்தானை நுனியில் முடிந்தாள். களத்தில் கண்மூடித் திறப்பதற்குள் ஓடி மறைகிறவள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள்.

அவளும் கயிற்றைத் தாண்டிப் பின்னாலேயே போனாள்.

பேச்சி பின்னிருக்கையில் ஏறியபோது கணுக்கால் தெரிந்தது. கொலுசு போட்டிருந்தாள்.

வண்டி நகர்ந்தது.

அவள் கை தானாக முன்னால் பாய்ந்தது.

இந்த முறை தாமதமாகிவிட்டது.